வாசகர் கேள்வி – பதில்: வேலியோரத்துத் தேவாங்கு

சென்ற இதழில் கடவூர் மலைகளின் புதர்க்காட்டைப் பற்றி எழுதியிருந்தோம். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேவாங்கைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

தேவாங்கு குரங்கினமா, அணில் வகையா? இதை வைத்து எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது.
– வேடசந்தூர் வாசகர்

அணிலோடு அதற்கு எந்த உறவும் இல்லை. குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் ஆகியோர் அடங்கிய உயிரின வரிசையைச் சேர்ந்ததுதான் தேவாங்கும். ஆனால் குரங்குகள் தோன்றிய கிளைக்கும் முன்பே பிரிந்துபோன பழைய கிளை ஒன்றைச் சேர்ந்தது. மடகாஸ்கர் தீவின் லெமூர்கள் அதற்குத் தூரத்து உறவு. ஈரமான மூக்கும், முடியைக் கோதுவதற்கென்றே சீப்புப்போல் நெருங்கி அமைந்த கீழ் முன்பற்களும், பின்காலின் இரண்டாம் விரலில் மட்டும் நீண்டிருக்கும் நகமும் அந்தக் கிளைக்கு உரிய அடையாளங்கள்.

தமிழ்நாட்டில் நாம் காண்பது சாம்பல் தேவாங்கு. முழு வளர்ச்சி அடைந்த பின்னும் அதன் எடை ஏறக்குறைய கால் கிலோதான். வெளியே தெரியும் வால் கிடையாது. குச்சி போன்ற கைகால்களும், முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்களும், அவற்றுக்கு நடுவே மூக்கு வரை இறங்கும் ஒரு வெண்கோடும் உண்டு. கையின் ஆள்காட்டி விரல் குறுகிப்போனதால் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே அகலமான பிடி கிடைக்கிறது. கைகால்களில் இரத்தக் குழாய்கள் பின்னலாக அமைந்திருப்பதால், ஒரே கிளையை மணிக்கணக்கில் பற்றிக்கொண்டிருந்தாலும் தசை சோர்வதில்லை என்பது உடற்கூற்றாளர்களின் விளக்கம். குரங்கும் மனிதனும் அடங்கிய அந்த வரிசையில், இரவில் மட்டுமே நடமாடுபவை இந்தியாவில் இரண்டே வகை. ஒன்று தென்னாட்டின் தேவாங்கு. மற்றது வடகிழக்கு மாநிலங்களில் வாழும், உருவில் பெரிதான வங்கத் தேவாங்கு.

எங்கள் தோட்டத்து வேலியில் இரவில் இது நடமாடுவதைப் பார்க்கிறோம். மா, கொய்யாக் காய்களைக் கடித்து வீணாக்குமா?
– நத்தம் பகுதி விவசாயி ஒருவர்

கவலை வேண்டாம். உங்கள் தோட்டத்தில் அது தேடுவது பூச்சிகளையே. அன்னா நெகாரிஸ் என்னும் ஆய்வாளர் 1997-98இல் உங்களுக்கு அருகிலுள்ள அய்யலூர்ப் பகுதியில் தேவாங்குகளை இரவு இரவாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவற்றின் உணவு ஏறத்தாழ முழுவதும் சிற்றுயிர்களாகவே இருந்ததைக் கண்டார். எறும்பு, கறையான், வண்டு என்று மற்ற விலங்குகள் ஒதுக்குபவற்றையும் அது விடுவதில்லை. எப்போதாவது மரப்பிசினையும் நக்கும்.

வேட்டையாடும் விதத்தை ஒருமுறையாவது அருகிலிருந்து பார்க்க வேண்டும். கிளையில் ஓசையே இல்லாமல் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வரும். இரை தெரிந்ததும் அப்படியே நின்றுவிடும். பின்கால்கள் இரண்டும் கிளையைப் பற்றியிருக்க, உடல் மட்டும் மெல்ல மெல்ல முன்னோக்கி நீளும். இவ்வளவு நேரமும் அசைந்ததே தெரியாத அந்த உயிர், கடைசிக் கணத்தில் இரு கைகளையும் ஒருசேர வீசிப் பூச்சியை அள்ளி வாயில் திணித்துக்கொள்ளும். எறும்பு என்றால் கிளையோடு சேர்த்தே நக்கி எடுக்கும். உடலில் ஏறியவற்றை உதறிக்கொண்டு தின்பதையும் நிறுத்தாது. தன் சிறுநீரைக் கைகால்களில் தேய்த்துக்கொள்ளும் வழக்கமும் அதற்கு உண்டு. கடுக்கும் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள அது உதவக்கூடும் என்று சிலரும், வாசனையால் தன் இருப்பை மற்றத் தேவாங்குகளுக்கு அறிவிக்கவே என்று வேறு சிலரும் கருதுகிறார்கள். இரண்டும் உண்மையாக இருப்பதற்கும் தடையில்லை.

முருங்கை மரத்துக் கிளையில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு தேவாங்குக் குட்டி இரவில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதோ என்று அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்தோம். நாங்கள் செய்தது சரிதானா?
– வடமதுரை வாசகி

இரக்கத்தால் செய்தீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குட்டி கைவிடப்பட்டது அன்று. தேவாங்கு ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈனுகிறது. பிறந்த முதல் சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே எங்கும் போகும். அதன் பிறகு, இருட்டியதும் தாய் குட்டியை ஒரு கிளையில் இருத்திவிட்டுத் தனியே இரை தேடப் போகிறது. பின்னர்த் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறது. குட்டியைச் சுமந்துகொண்டு மேலே சொன்ன வேட்டையை நடத்த முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் காரணம் விளங்கும். தனித்திருக்கும் அந்த நேரத்தில் குட்டி கிளையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கப் பார்க்கும். மெல்ல நகர்ந்து தானே பூச்சி பிடிக்கவும் அப்போதுதான் பழகுகிறது.

தாய்க்கு மட்டுமே குட்டியோடு உறவு என்றும் எண்ண வேண்டாம். இரவில் தனித்தனியே திரியும் தேவாங்குகள் விடியும்போது முட்கள் அடர்ந்த ஒரே மரத்தில் ஒன்றுகூடி, ஒன்றையொன்று அணைத்தபடி பந்தாகச் சுருண்டு உறங்குகின்றன. அந்தக் கூட்டத்தில் ஆண்களும் இருக்கும்; உறங்கப் போகும் முன்பும் மாலையில் எழுந்த பின்பும் அவை குட்டிகளின் முடியைக் கோதிவிடுவதையும் விளையாட்டுக் காட்டுவதையும் அய்யலூர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆகவே இனி இப்படி ஒரு குட்டியைக் கண்டால் விளக்கை அணைத்துவிட்டு, நாயையும் பூனையையும் கட்டிவைத்துவிட்டு, விலகிப் போய்விடுங்கள். நீங்கள் அங்கே நிற்கும் வரையில் தாய் இறங்கி வராது. காயம் பட்டிருந்தாலோ, தரையில் கிடந்தாலோ, விடிந்து வெயில் ஏறிய பிறகும் தனியாக இருந்தாலோ மட்டும் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். எடுத்துவைத்த குட்டியை அன்றிரவே அதே கிளையில் வைத்திருந்தால் தாய் வந்து சேர்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இன்னும் உங்களிடம் இருந்தால், இந்த வரியைப் படித்தவுடன் வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

பயணம் கிளம்பும்போது தேவாங்கைப் பார்த்தால் காரியம் கெடும் என்றும், அதன் கண் மருந்துக்கு ஆகும் என்றும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதில் ஏதேனும் உண்மை உண்டா?
– மணப்பாறை, கல்லூரி மாணவி

இல்லை. கண்நோய்க்கு மருந்து, வசியத்துக்கு மை, குழந்தையின் பயம் தெளியத் தாயத்து என்று இந்த உயிரின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பயனைக் கற்பித்து வைத்திருக்கிறார்கள். குறி சொல்வோர் இதனைக் கழியில் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுவந்ததைப் பார்த்த நினைவு மூத்த வாசகர் பலருக்கு இருக்கக்கூடும். இருட்டில் விளக்கொளி பட்டால் சிவந்து எரிவதுபோல் தோன்றும் கண்களே இந்தக் கதைகளுக்கெல்லாம் வித்து. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் கண் அப்படி ஒளிர்கிறது. மாட்டுக்கும் பூனைக்கும் இதே ஏற்பாடுதான். மாட்டின் கண் மின்னினால் யாரும் பயணத்தை நிறுத்துவதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சகுனம் என்று அஞ்சி விலகுபவரால் தேவாங்குக்குப் பெரிய இழப்பு இல்லை; கல்லெடுத்து அடிப்பவராலும், மருந்து என்று நம்பி விலை கொடுப்பவராலும்தான் இழப்பு. வாங்க ஆள் இருக்கும் வரை பிடித்து விற்கவும் ஆள் இருப்பான். மெலிந்தவரைத் 'தேவாங்கு' என்று கேலி பேசுவது கூடாதென்றும் இதே மாணவி எழுதியிருக்கிறார். அதனை வழிமொழிகிறேன், தேவாங்கின் பொருட்டும்.

கடிக்குமா? கடித்தால் விஷமா? பிடித்து வளர்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கடிக்கும். வங்கத் தேவாங்கும் அதன் நெருங்கிய உறவினங்களும் முழங்கைக்கு அருகில் சுரக்கும் ஒரு நீரை உமிழ்நீரோடு கலந்து நஞ்சாக்கிக் கடிக்கக்கூடியவை. நம் ஊர்த் தேவாங்கிடம் அவ்வாறான நஞ்சு இருப்பதாக உறுதிசெய்யப்படவில்லை. ஆனாலும் எந்தக் காட்டுயிரின் கடியும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதே. வளர்ப்பதற்கு இடமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை இருக்கும் அதே முதல் அட்டவணையில் தேவாங்கும் இருக்கிறது. அதனை வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே.

கடவூரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் அமைத்துவிட்டார்கள். இனி அதற்கு என்ன குறை?
– கரூர் வாசகர்

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியுள்ள 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்த உயிருக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. கடவூர், வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களின் காடுகள் அதில் அடங்கும். புலியும் யானையும் இல்லாத, பார்வைக்கு வறண்டு கிடக்கும் கரட்டுக் காட்டுக்கு ஒரு கால்கிலோ உயிரை முன்னிட்டு இந்தத் தகுதி கிடைத்தது சிறிய செய்தி அன்று. புதர்க்காட்டைத் தரிசு என்று எழுதிவைத்து, கண்டதற்கெல்லாம் எடுத்துக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக இருப்பதை நினைவில் கொண்டால் இதன் மதிப்பு புரியும்.

ஆனால் தேவாங்கு சரணாலயத்தின் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. காப்புக்காட்டுக்கு வெளியே, மானாவாரி நிலங்களின் வேலிகளிலும், ஓடைக்கரைகளிலும், புளியந்தோப்புகளிலும், கோயில் காடுகளிலும் அது வாழ்ந்து வருகிறது. அதன் உடலமைப்பில் உள்ள ஒரு வரையறையைப் புரிந்துகொண்டால் அதற்குள்ள குறை என்னவென்று தெரிந்துவிடும்: தேவாங்கு தாவாது. குரங்கு பாய்ந்து கடக்கும் இரண்டு கஜ இடைவெளி தேவாங்குக்குப் பாதை அறுந்த இடம். கிளையும் கிளையும், கிளையும் கொடியும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது மரத்தின் மேலேயே போய்வர முடியும். தொடர்பு அறுந்தால் தரையில் இறங்கி, நாய்க்கும் பூனைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் எட்டும் உயரத்தில் நடந்தே கடக்க வேண்டும்.

அந்தத் தொடர்பை நம் முன்னோர் தேவாங்கை நினைத்து உருவாக்கவில்லை. ஆடுமாடு புகாமல் இருக்க உருவாக்கினார்கள். கிளுவையும் கள்ளியும் சங்கஞ்செடியும் பின்னிக் கிடந்த உயிர்வேலியும், கொங்குப் பக்கத்தில் இருபுறமும் வேலி ஓங்கி நடுவே மாட்டுவண்டி போகும் இட்டேரியும் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே இரவுப் பாதைகளாக இருந்தன. இப்போது நிலம் கைமாறியதும் முதல் வேலையாகப் பொக்லைன் வைத்து வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகிறார்கள். வேலி எடுத்துக்கொண்டிருந்த ஆறடி நிலம் மிச்சமாகிறது என்பது கணக்கு. அந்த ஆறடியில்தான் தேவாங்கு படுத்தது, தின்றது, குட்டியை இருத்தியது. காட்டை ஊடறுத்தும் ஒட்டியும் போகும் சாலைகள், குறிப்பாகத் திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலை, எஞ்சிய பாதைகளையும் வெட்டிப் போட்டிருக்கின்றன. கிளை கிடைக்காத இடத்தில் மின்கம்பியைக் கொடியென்று பற்றிக் கருகிப்போகும் தேவாங்குகளும் உண்டு.

எனவே சரணாலயம் வேண்டும். அதனோடு அதனைச் சூழ்ந்த ஊர்களின் வேலியும் வேண்டும். இரண்டாவதற்கு அரசாணை போட்டுப் பயனில்லை. வேலியை வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு அதனால் ஒரு லாபம் இருக்க வேண்டும். உயிர்வேலி அமைக்கவும் பராமரிக்கவும், கம்பிவேலிக்கு நிகராகவேனும் மானியம் கொடுத்தால் என்ன என்பது என் கேள்வி. வாசகர்களில் வேளாண் துறையினர் யாரேனும் இருந்தால் பதில் எழுதலாம்.

சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்கிறோம். ஆனால் அதில்தான் தேவாங்கு இருக்கிறது என்கிறார்கள். எது சரி?
– குஜிலியம்பாறை வாசகர்

இரண்டும் சரி என்பதுதான் சங்கடம். அமெரிக்க வெப்ப நிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த மரம் நம் மண்ணில் மற்றவற்றை முளைக்க விடாமல் பரவுகிறது என்பது உண்மை. வேலமும் உசிலும் வெட்டப்பட்ட இடங்களில் அதுவே மிஞ்சிய முள்மரமாக இருப்பதால், பகலில் ஒளிந்து உறங்கவும் இரவில் கடந்து செல்லவும் தேவாங்கு அதனைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதும் உண்மை. தேவாங்குக்கு வேண்டியது முள். எந்த நாட்டு முள் என்று அது கேட்பதில்லை. ஒரே வாரத்தில் ஓர் ஓடைக்கரை முழுவதையும் வழித்து எடுப்பது தவறு. துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் வெள்வேல், குடைவேல், உசில், கிளுவை போன்றவற்றை நட்டு, அவை தலைக்கு மேல் வளர்ந்து கிளைகோத்த பிறகு அடுத்த துண்டுக்குப் போவது நேரம் பிடிக்கும் வழிதான். குத்தகைக்காரருக்கு இது பிடிக்காது என்பதையும் அறிவேன்.

சாலையிலோ மின்கம்பத்திலோ அடிபட்ட தேவாங்கைக் கண்டால் என்ன செய்வது?
– அய்யலூர், ஆட்டோ ஓட்டுநர்

கம்பியில் சிக்கியிருந்தால் கம்போ தொரட்டியோ கொண்டு தொடவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே மற்ற வேலை. தரையில் கிடந்தால் பருத்தித் துணியைப் போர்த்தி, வெறுங்கை படாமல் எடுத்து, காற்றுத் துளையிட்ட பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பாலோ சோறோ புகட்டாதீர்கள். படம் எடுக்க முகத்தில் விளக்கடிக்காதீர்கள்.

இலங்கையிலும் தேவாங்கு உண்டு. எங்களுடையதும் உங்களுடையதும் ஒன்றுதானா?
– வவுனியா வாசகர்

தேவாங்கு முழுவதையும் ஒரே இனமாகவே நெடுங்காலம் கருதிவந்தார்கள். இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் வடபுலத்து உலர் காடுகளில் வாழ்வது எங்கள் சாம்பல் தேவாங்கின் கிளையினம். தமிழ்நாட்டிலேயே கிழக்குப் புதர்க்காட்டில் ஒரு கிளையினமும், களக்காடு முண்டந்துறை போன்ற மேற்குமலை ஈரக் காடுகளில் சற்றுச் செந்நிறமான இன்னொன்றும் உள்ளன. இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளுக்கும் நடு மலைநாட்டுக் காடுகளுக்கும் மட்டுமே உரியது செந்தேவாங்கு. அது சாம்பல் தேவாங்கைவிடவும் சிறியது. அழிவுநிலையில் இருப்பதாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

செந்தேவாங்கிலும் ஹோட்டன் சமவெளியின் மலைக்காட்டில் வாழும் ஒரு கிளையினத்தின் கதை தனி. குளிருக்கு ஏற்றவாறு அடர்ந்த முடியும் குட்டையான கைகால்களும் கொண்ட அதனை 1930களுக்குப் பிறகு யாரும் கண்டதாகப் பதிவில்லாததால், அற்றுப்போய்விட்டது என்றே எழுதிவிட்டார்கள். 2002இல் அது மீண்டும் கண்ணில் பட்டது. அதன் முதல் ஒளிப்படங்கள் வெளிவந்தது 2010இல்தான். அங்கேயும் கதை கிளைத் தொடர்பில்தான் வந்து நிற்கிறது: தேயிலைக்காகவும் காய்கறித் தோட்டங்களுக்காகவும் மலைக்காடு துண்டுபட்டுப் போனதால், ஒரு துண்டில் உள்ள தேவாங்கு அடுத்த துண்டுக்குப் போக வழியில்லை.

தேவாங்கைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க வழி உண்டா? இரவில் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?
– திண்டுக்கல் அரசுப் பள்ளி ஆசிரியர்

கணக்கெடுப்போர் இருட்டிய பிறகு, முன்பே குறித்துவைத்த பாதையில், நெற்றியில் கட்டிய விளக்குக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு மெல்ல நடக்கிறார்கள். சிவப்பொளி தேவாங்கின் கண்ணை அதிகம் உறுத்துவதில்லை. கண்ணின் மின்னலும் தெரிந்துவிடும். கண்கள் இரண்டும் முன்னோக்கி அருகருகே இருக்கின்றனவா, மெதுவாக நகர்கின்றனவா என்று பார்த்தே மரநாயிலிருந்தும் ஆந்தையிலிருந்தும் அதனைப் பிரித்தறிகிறார்கள். நடந்த கிலோமீட்டருக்கு எத்தனை தேவாங்கு தென்பட்டது என்பதை வைத்து ஒரு காட்டையும் இன்னொரு காட்டையும் ஒப்பிட முடிகிறது. மழைக்குப் பின் இலை அடர்ந்த மாதங்களில் கண்ணுக்குத் தப்பிப்போவதும் அதிகம் என்பதால், ஒரே பருவத்தின் எண்ணிக்கைகளை மட்டும் ஒப்பிடுவது நல்லது.

மாணவர்களை அழைத்துப் போக விரும்பினால் வனத்துறையின் அனுமதியும் துணையும் இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். ஊரை ஒட்டிய பழைய வேலி ஒன்றே போதும். நால்வருக்கு மேல் வேண்டாம். வெள்ளை டார்ச், கைப்பேசி வெளிச்சம் இரண்டும் வேண்டாம். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேவாங்குகள் தம்முள் விசிலடிப்பதுபோல் குரல் கொடுத்துக்கொள்ளும். பல இரவுகளில் கண்ணுக்கு முன் காதுக்கே அது அகப்படும். பார்த்த இடத்தின் பெயரையோ படத்தையோ சமூக ஊடகத்தில் போட வேண்டாம். பிடித்து விற்பவர்களும் அவற்றைப் பார்க்கிறார்கள். நாள், நேரம், எந்த மரம், எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் வனச்சரக அலுவலரிடம் கொடுங்கள்.